ஷிங்கிள் கூரை போடப் போகிறீர்களா? டர்பன் பக்கத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் ஷிங்கிள் மாதிரியைக் கையில் எடுத்ததும் மனசு நிறத்துக்குப் போய்விடும். கரியா, செங்கல் நிறமா, பச்சையா என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். தார் ஷிங்கிள் என்பது கூரையின் தோல்தான். கண்ணாடி இழைப் பாய், அதன் மேல் தார்ப்பூச்சு, வெயிலைத் தாங்குவதற்குக் கல்துகள், அவ்வளவுதான். எடையைத் தாங்கும் பலம் அதற்குக் கிடையாது. ஓடு ரீப்பரின் மேல் தானாக உட்காரும். ஐபிஆர் என்ற மடிப்புத் தகரம் ஒரு பர்லினிலிருந்து, அதாவது குறுக்குச் சட்டத்திலிருந்து, அடுத்த பர்லினுக்குத் தாண்டி நிற்கும். ஷிங்கிளுக்கோ அடியில் முழுசாக மூடிய பலகைத் தளம் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் ஓட்டையும் தகரத்தையும் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடாது. தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

பலகையைக் கணக்கில் விட்டுவிடுவது

ஷிங்கிளுக்கு மட்டும் விலை கேட்டு, ஓட்டைவிட மலிவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடியில் போகும் ஷட்டர்பிளை (ஒட்டுப்பலகை) அல்லது ஓஎஸ்பி (மரச்சீவல்களை ஒட்டி அழுத்தியது) பலகையையும் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும். 100 சதுர மீட்டர் கூரைக்கு 2.44 × 1.22 மீட்டர் பலகை 34 வேண்டும். வெட்டுச் சேதாரத்தோடு 37 என்று வையுங்கள்.

அடுத்தது பலகையின் தடிமன். கான்கிரீட் ஓட்டுக்காகக் கட்டிய வீடுகளில் டிரஸ்களுக்கு, அதாவது கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டங்களுக்கு, இடையே சுமார் 760 மிமீ இருப்பது சகஜம். அதன் மேல் 9 மிமீ பலகையை அடித்தால் நடுவில் தொய்ந்துவிடும். ஷிங்கிள் வளையும் பொருள் என்பதால் அடியில் உள்ள பள்ளத்தை அப்படியே வெளியே காட்டும். சாயங்கால வெயில் சாய்வாக அடிக்கும்போது வீதியிலிருந்து பார்த்தாலே விலா எலும்பு போல டிரஸ்களை எண்ணிவிடலாம். இடைவெளி 600 மிமீ என்றால் 12 மிமீக்குக் குறையக் கூடாது. 760 என்றால் 18 மிமீ போடுங்கள், இல்லையென்றால் நடுவில் இன்னொரு கைமரம் சேர்க்கச் சொல்லுங்கள்.

பலகைகளை நெருக்கி முட்டவைத்து அடிப்பது இன்னொரு தவறு. டர்பனின் ஈரக் காற்றில் மரம் உப்பும். இடம் இல்லாவிட்டால் மூட்டு மேலே எழும்பி, கூரையில் நேர்கோடாக வரப்பு தெரியும். பழி ஷிங்கிள் மேல் விழும். பலகைக்குப் பலகை 3 மிமீ இடைவெளி போதும், ஒரு ஆணியை நடுவில் வைத்து அடித்தாலே அந்த அளவு கிடைத்துவிடும். மரத்தில் பூச்சி மருந்தேற்றியதற்கான எச்2 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கடற்கரையில் கரையானுக்கு விருந்து வைக்க வேண்டாம்.

கூரை லேசாகிவிட்டது என்று மகிழ்வது

கான்கிரீட் ஓடு சதுர மீட்டருக்கு 45 முதல் 50 கிலோ. ஷிங்கிளும் 18 மிமீ பலகையும் சேர்ந்தே 20, 25 கிலோதான் வரும். சுவருக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் பழைய கூரையைக் காற்று தூக்காமல் பிடித்து வைத்திருந்ததே அந்த எடைதான். தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளின்படி டிரஸ்ஸைச் சுவரோடு கட்டும் கம்பியோ பட்டையோ, ஓட்டுக் கூரை என்றால் செங்கல்லுக்குள் 300 மிமீ ஆழம் போனால் போதும். லேசான தகரக் கூரைக்கு 600 மிமீ வேண்டும். ஓட்டை இறக்கிவிட்டு ஷிங்கிள் ஏற்றும்போது உங்கள் வீட்டில் இருப்பது அந்த 300 மிமீ கட்டுதான். ஓடு இறங்கியிருக்கும் நாட்களிலேயே ஒவ்வொரு டிரஸ் காலிலும் கால்வனைஸ்டு பட்டை போட்டு, சுவரில் இன்னும் கீழே இறக்கிப் போல்ட் அடித்துவிட வேண்டும். மேலே பலகை மூடிவிட்டால் அப்புறம் அங்கே கை நுழையாது.

2024 ஜூன் 3 அன்று டொங்காட்டைத் தாக்கிய சுழற்காற்றுக்கு எந்தக் கூரையும் பதில் சொல்ல முடியாது. இங்கே பேசுவது வருஷா வருஷம் வரும் தென்மேற்குக் காற்றைப் பற்றி.

வாட்டம் அளக்காமல் வாங்குவது

ஒரு மீட்டர் மட்டப்பலகையைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். ஒரு முனை கூரையைத் தொடட்டும், மறுமுனையிலிருந்து கூரை வரை செங்குத்தாக அளங்கள். 333 மிமீ அல்லது அதற்கு மேல் வந்தால் 18 டிகிரியைத் தாண்டுகிறது, வழக்கமான முறையில் ஷிங்கிள் போடலாம். 167க்கும் 333க்கும் நடுவில் என்றால் அடியில் போகும் ஃபெல்ட்டை (தார் ஏற்றிய விரிப்பு) இரட்டை அடுக்காகப் போட வேண்டும், அதாவது ஒவ்வொரு பட்டையும் கீழ்ப்பட்டையில் பாதிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். 167க்குக் கீழே ஷிங்கிள் கூடவே கூடாது.

வீட்டை ஒட்டி இறக்கிய வராண்டா, கார்போர்ட் எல்லாம் பெரும்பாலும் ஐபிஆர் தகரத்துக்காக 5 டிகிரி வாட்டத்தில் கட்டியவை. மட்டப்பலகையில் 87 மிமீதான் வரும். பெரிய கூரைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அங்கேயும் ஷிங்கிளை இழுத்துக்கொண்டு போவது ஒழுகலைக் காசு கொடுத்து வாங்குவது. ஷிங்கிள் தண்ணீரைக் கீழே தள்ளிவிடும், தேங்கும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தாது. காற்றோடு வரும் மழை, வாட்டம் குறைந்த இடத்தில் ஷிங்கிளுக்கு அடியில் பின்னோக்கி ஏறும். அந்த இடத்தில் தகரமே இருக்கட்டும். அழகு கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

தரைப் பரப்பை வைத்து ஆர்டர் கொடுப்பது

இறவாணத்தையும் சேர்த்து வீடு 10 × 9 மீட்டர், இரு பக்கச் சரிவு, வாட்டம் 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தரையில் 90 சதுர மீட்டர். சரிவில் அளந்தால் அதை 1.11ஆல் பெருக்க வேண்டும், 100 ஆகிவிடும். வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 110. நாலு பக்கச் சரிவோ பள்ளங்களோ இருந்தால் 15 சதவீதம் வையுங்கள்.

இத்தோடு முடியவில்லை. இறவாணத்தில் முதல் வரிசைக்கு அடியில் ஒரு தொடக்க வரிசை போகும். 20 மீட்டர் இறவாணத்துக்கு, ஒரு மீட்டர் நீள ஷிங்கிள் 20. முகட்டை மூட ஷிங்கிளை மூன்றாக வெட்டிப் போடுவார்கள். ஒரு துண்டு சுமார் 145 மிமீ மூடும், 10 மீட்டர் முகட்டுக்கு 70 துண்டு, அதாவது 24 ஷிங்கிள். இரண்டும் சேர்ந்து இன்னொரு 6 சதுர மீட்டர். மொத்தம் 116. ஒரு கட்டு 3 சதுர மீட்டர் மூடும் என்றால் 39 கட்டு.

குறைவாக வாங்கிவிட்டுப் பாதியில் மறுபடியும் கடைக்குப் பேக்கி வண்டியை (பிக்கப்) அனுப்பினால் வேறு தயாரிப்புத் தொகுதி கைக்கு வரும். பெயர் ஒன்று, நிறம் ஒரு நூல் மாறியிருக்கும். கட்டின் மேல் அச்சிட்ட தொகுதி எண்ணைப் பாருங்கள். ஒரே தொகுதி என்றாலும் நாலைந்து கட்டுகளைப் பிரித்துக் கலந்து போடச் சொல்லுங்கள்.

காற்று வேக எண்ணை நம்பி ஆணியை மறப்பது

அமெரிக்கத் தர முறைப்படி எஃப் வகுப்பு என்றால் மணிக்கு சுமார் 177 கிலோமீட்டர் காற்றுக்கும், எச் வகுப்பு என்றால் 241க்கும் சோதித்தது. டர்பன் பக்கத்துக்கு எஃப் போதும். மலை முகட்டில் திறந்தவெளி வீடு என்றால் எச். ஆனால் இந்த எண்கள் ஆணி சரியான இடத்தில் இருந்து, ஷிங்கிளில் இருக்கும் ஒட்டும் தார்ப்பட்டை வெயிலில் இளகி ஒட்டிய பிறகுதான் பொருந்தும்.

ஷிங்கிளில் ஆணி அடிக்கக் கோடு போட்டிருக்கும். அங்கே அடித்த ஆணி கீழ் வரிசையின் மேல் விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கும், ஆகவே ஒவ்வொரு ஷிங்கிளுக்கும் இரண்டு வரிசைப் பிடிப்பு. ஐந்து சென்டிமீட்டர் மேலே அடித்தால் ஒற்றைப் பிடிப்புதான், சரிவில் மெல்லக் கீழே நழுவும். ஷிங்கிளுக்கு 4 ஆணி என்பது சாதாரண இடத்துக்கு. கடலோரத்துக்கும் மேட்டுக்கும் 6. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7 ஷிங்கிள் என்றால், 100 சதுர மீட்டருக்கு 4,200 ஆணி. உழைப்புக்கூலி பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், வேலை தொடங்கிய பிறகு சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

காற்றழுத்தத் துப்பாக்கியின் அழுத்தம் கூடினால் ஆணித் தலை ஷிங்கிளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். குறைந்தால் தலை மேலே நிமிர்ந்து நின்று அடுத்த ஷிங்கிளைத் துளைக்கும். வெயில் ஏற ஏற தார் இளகும், காலையில் வைத்த அழுத்தம் மதியத்துக்கு அதிகமாகிவிடும். ஆணி ஹாட் டிப் கால்வனைஸ்டாக, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக, இருக்க வேண்டும். பளபளவென்று மின்முலாம் பூசியது உப்புக் காற்றில் சீக்கிரம் துரு பிடிக்கும். கடல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வீடு என்றால் ஸ்டெயின்லெஸ் ஆணிதான். ஷிங்கிள் துரு பிடிக்காது என்று சொல்லி விற்பார்கள். உண்மைதான், ஆனால் அதைப் பிடித்திருப்பது இரும்பு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் குளிர்காலத்தில் வேலை வைத்தால் தெற்குச் சரிவில் ஒட்டும் பட்டை இளகாமலே தூசி ஏறிவிடலாம், அப்புறம் அது ஒட்டாது. அங்கே ஷிங்கிளில் வெட்டுவிட்டுப் பிரித்திருக்கும் ஒவ்வொரு இதழுக்கடியிலும் ரூபாய்க் காசு அளவு தார்ச் சாந்து இரண்டு இடத்தில் வைத்துக் கையால் அழுத்த வேண்டும். கட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை உரிப்பதா வேண்டாமா என்பது ரகத்துக்கு ரகம் மாறும், உறையில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

மூச்சு விடாத கூரை

பலகைத் தளம் வந்ததும் ஓடுகளின் சந்து வழியே போய்வந்த காற்று நின்றுவிடும். உச்சி வெயிலில் கருத்த ஷிங்கிளின் சூடு பரணில் தங்கும், பலகையும் ஈரம் வாங்கும். கீசர் பரணிலேயே இருந்து அதன் வழிகால் குழாயும் உள்ளேயே சொட்டினால் கேட்கவே வேண்டாம். சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு திறப்பு வேண்டும். 90 சதுர மீட்டருக்கு 0.3 சதுர மீட்டர், பாதி இறவாணத்தில், பாதி முகட்டில். மேலே மட்டும் திறந்துவைத்தால் உள்ளே வரக் காற்று இருக்காது.

திறப்புகளுக்கு வலை கட்டாமல் விட்டால் குரங்குகளும் மைனாவும் குடிவந்துவிடும். 6 மிமீ கம்பிவலை போடுங்கள், வலை மறைக்கும் இடத்தைக் கழித்து அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வடக்கைப் பார்த்து எழுதியதை அப்படியே நம்புவது

ஷிங்கிளைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்காவில் எழுதியது. வடக்குச் சரிவில் கருங்கோடு விழும் என்பார்கள். இங்கே வெயில் குறைவாகப் படுவது தெற்குச் சரிவில். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, பாசி. செம்புத்துகள் கலந்த, பாசியைத் தடுக்கும் ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், இந்த ஈரத்துக்கு அது வீண்செலவு ஆகாது. ஏற்கெனவே விழுந்துவிட்டதென்றால் பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம். பாசியோடு கல்துகளும் போய்விடும், வெயில் நேராகத் தாரில் அடிக்கும்.

ஆலங்கட்டி மழை டர்பனைவிட உள்நாட்டில்தான் தொல்லை. அங்கே வீடு என்றால் தாக்குத் தரம் 4 கேளுங்கள், சுமார் 5 சென்டிமீட்டர் எஃகுக் குண்டை 6 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதித்த ரகம் அது.

வேலை தொடங்குமுன் கேட்க மறப்பவை

1960களில் கட்டிய வீடுகளில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உண்டு. அதன் மேல் சட்டம் அடித்துப் பலகை போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். துளை போட்டாலே நார் காற்றில் கலக்கும். 2020ஆம் ஆண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஒழுங்குவிதிகளின்படி, கூரையைக் கழற்றும் வேலையைப் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

சோலார் தகடோ சோலார் கீசரோ பின்னால் வரும் என்றால் பலகை மூடுமுன் இடத்தை முடிவு செய்து, அங்கே கைமரங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை கொடுங்கள். பிராக்கெட்டின் போல்ட் மரத்தைப் பிடிக்க வேண்டும், வெறும் பலகையை அல்ல. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஃப்ளாஷிங் தகடு (தண்ணீர் புகாமல் மூடும் தகடு) மேல் ஷிங்கிளுக்கு அடியில் நுழைய வேண்டும். மேலே சிலிக்கான் பூசிவிட்டுப் போவதெல்லாம் இரண்டு கோடைக்குத்தான்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மழைநீர் பிடிக்கும் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியின் அருமை அப்போது தெரிந்தது. ஷிங்கிள் கூரைத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள், தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் ஆகும். புதுக் கூரையிலிருந்து முதல் சில மழைக்கு உதிரித் துகள் இறங்கும், அதுவரை தொட்டிக்குப் போகும் குழாயைத் திருப்பி வெளியே விடுங்கள். இறவாணத்தில் தண்ணீர் பிடிக்கும் கட்டரையும் ஒருமுறை கையால் வழித்துவிடுங்கள். அதன் பிறகும் ஒவ்வொரு மழைக்கும் கைப்பிடி கைப்பிடியாகத் துகள் வந்தால், கூரையில் ஏதோ ஒரு சரிவில் தார் வெளியே தெரிகிறது என்று பொருள்.