பழைய பாம், முதல் கிண்டில்: மறுபடி இயக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்த பாம் கைக்கணினியோ பழைய கிண்டிலோ கையில் அகப்பட்டால், பலரும் செய்வது ஒன்றுதான். பேட்டரியைப் போடுவார்கள், சார்ஜரைச் செருகுவார்கள், ஒன்றும் வராவிட்டால் பின்பக்கத் துளையில் ஊசியை விட்டுக் குத்துவார்கள். கருவி பெரும்பாலும் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தகவல்தான் தாங்காது. அந்தக் கருவி தகவலை எங்கே வைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகு கை வைப்பதே சரி.

முதலில் பாம். 1996-ல் யு.எஸ். ரோபாட்டிக்ஸ் வெளியிட்ட பைலட் 1000-ல் 128 கேபி நினைவகம், பைலட் 5000-ல் 512 கேபி. முகவரிகள், நாட்குறிப்பு, நாமாக நிறுவிய செயலிகள் எல்லாம் ரேமில்தான் இருந்தன. இயங்குதளம் மட்டும் ரோம் சிப்பில். பின்னால் வந்த பாம் III, எம்100 எல்லாவற்றிலும் இதே அமைப்பு. மின்சாரம் நின்றால் ரேம் காலி. ஆகவே பேட்டரி இல்லாமல் ஐந்து வருடம் கிடந்த பாம் III-க்குள் தேடுவதற்கு எதுவும் இல்லை. தேட வேண்டிய இடம், அதனோடு இணைத்துப் பயன்படுத்திய பழைய கணினி. அதில் பாம் டெஸ்க்டாப் நிறுவிய கோப்புறைக்குள் பயனர் பெயரில் ஒரு கோப்புறையும், அதற்குள் பேக்கப் என்று இன்னொன்றும் இருக்கும். பாமின் தகவல் கோப்புகளான பிடிபியும் செயலிக் கோப்புகளான பிஆர்சியும் அங்கேதான். கைக்கணினிக்காக மெனக்கெட்டுவிட்டு அந்தக் கணினியைக் காயலான் கடைக்குப் போட்டவர்கள் உண்டு.

இன்னும் உயிரோடு இருக்கும் பாமில் பேட்டரி மாற்றுவதுதான் அதிகம் சொதப்பும் இடம். பழைய செல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை ஒரு நிமிடத்துக்குள் போட்டுவிட்டால் தகவல் போகாது என்பது பழைய கையேட்டின் வாக்கு. அந்த ஒரு நிமிடம் ரேமுக்கு மின்சாரம் தருவது உள்ளே இருக்கும் ஒரு சிறு மின்தேக்கி. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அது பத்து விநாடி தாங்கினாலே அதிர்ஷ்டம். 'ஒவ்வொரு செல்லாக மாற்றினால் ஆபத்தில்லை' என்று சொல்வார்கள், அதுவும் தவறு. இரண்டு ட்ரிபிள்-ஏ செல்களும் தொடர் இணைப்பில் இருக்கின்றன. ஒன்றை எடுத்தாலே சுற்று அறுந்துவிடும். புதிய செல்களை உறை பிரித்து, ப்ளஸ் மைனஸ் பார்த்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டு மாற்றுங்கள். அதற்கு முன்னால், கட்டாயம், நகல்.

நகல் எடுக்க எளிய வழி, எஸ்டி கார்டு செருகும் இடம் உள்ள மாடல் என்றால் கார்டில் எடுப்பது. இங்கேயும் ஒரு சிக்கல். இன்று கடையில் கிடைக்கும் 32 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு 'ஸ்லாட் போச்சு' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 4 ஜிபியும் அதற்கு மேலும் எஸ்டிஹெச்சி வகை. பழைய பாம்களுக்கு அந்த மொழி தெரியாது. 2 ஜிபிக்கு மேற்படாத கார்டை ஃபேட்16 முறையில் ஃபார்மேட் செய்து போடுங்கள்.

கார்டு வசதி இல்லாத மாடலுக்குக் கணினிதான் கதி. 64-பிட் விண்டோஸில் பாம் டெஸ்க்டாப்புக்கு பாம் தந்த யூஎஸ்பி டிரைவர் கிடையாது; அதோடு மல்லுக்கட்டி நாளை வீணாக்க வேண்டாம். லினக்ஸில் பைலட்-லிங்க் அல்லது ஜே-பைலட் என்ற மென்பொருள் போதும். சீரியல் தொட்டில் (கைக்கணினியை நிறுத்திக் கணினியோடு இணைக்கும் தாங்கி) வைத்திருப்பவர்கள் யூஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். யூஎஸ்பி பாம்களில் தொட்டிலில் உள்ள, கணினியோடு ஒத்திசைக்கும் ஹாட்சிங்க் பொத்தானை அழுத்திய பிறகுதான் கருவி கணினியின் கண்ணில் படும். பொத்தானை அழுத்தாமலே 'கனெக்ட் ஆகவில்லை' என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பது வழக்கமாகக் காணும் காட்சி.

காலியாகிப்போன பாமைப் பழைய கணினியோடு ஹாட்சிங்க் செய்வது இன்னும் ஆபத்தானது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் நான்கு அமைப்புகள் உண்டு: இரண்டையும் ஒத்திசைப்பது, கணினியில் உள்ளதைக் கைக்கணினி மேல் எழுதுவது, கைக்கணினியில் உள்ளதைக் கணினி மேல் எழுதுவது, எதுவும் செய்யாமலிருப்பது. மூன்றாவது தேர்வாகியிருந்தால், காலியான முகவரிப் பட்டியல் கணினியில் இருக்கும் முழுப் பட்டியலைத் துடைத்துவிடும். முதலில் அந்தப் பயனர் கோப்புறையை அப்படியே வேறு இடத்தில் நகலெடுங்கள். பிறகு அந்த ஒரு தடவைக்கு மட்டும் இரண்டாவது அமைப்பை வையுங்கள்.

ரீசெட்டிலும் இரண்டு வகை. துளையில் மட்டும் குத்தினால் கருவி மறுபடி துவங்கும், தகவல் இருக்கும். மின்பொத்தானை அழுத்திப் பிடித்தபடி குத்தினால் முழுவதும் அழிக்கவா என்று கேட்கும். அப்போது மேல்நோக்கிய பொத்தானைத் தொடாமல் வேறு எதையாவது அழுத்தினால் பிழைத்தது. 2004-ல் வந்த டங்ஸ்டன் டி5, ட்ரியோ 650 முதல்தான் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் வந்தது. மைக்ரோசாஃப்ட் பக்கம் 2005-ன் விண்டோஸ் மொபைல் 5 வரை இதே கதை. பழைய ஐபேக் (விண்டோஸ் கைக்கணினி) வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்னது பொருந்தும்.

சையான் 5 கைக்கணினி வேறு ரகம். அதில் இரண்டு டபுள்-ஏ செல்களும், துணைக்கு ஒரு சிஆர்2032 நாணய செல்லும் உண்டு. இரண்டையும் ஒரே சமயத்தில் கழற்றாதீர்கள், அவ்வளவுதான். திரையைத் திறக்கும்போது கோடுகள் விழுந்தால் கீலுக்குள் போகும் தட்டைக் கேபிள் தேய்ந்திருக்கிறது. திறந்து மூடிச் சோதித்துக்கொண்டே இருந்தால் முழுதும் அறும்.

பேட்டரி அறையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அல்கலைன் செல் கசிந்தது. தண்ணீரில் கழுவுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. தேய்த்தால் முனையின் மேற்பூச்சு போய் அப்புறம் துருப்பிடிக்கும். கையுறை போட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு 90 சதவீதத்துக்குக் குறையாத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

இனி கிண்டில். அதன் மின்மை (இ-இங்க்) திரை, படத்தை மாற்றும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும். அதனால் 'திரையில் படம் தெரிகிறது, சார்ஜ் இருக்கிறது, ஹேங் ஆகிவிட்டது' என்ற கணிப்பு பெரும்பாலும் தப்பு. பேட்டரி செத்து வருடமானாலும் கடைசிப் படம் அப்படியே நிற்கும். பின்மூடியோ விளிம்போ உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, அழுத்தி மூடவும் கூடாது. அழுத்தினால் பேட்டரி தீப்பிடிக்கலாம், மேலே இருக்கும் திரைக் கண்ணாடியும் விரிசல் விடும். உப்பவில்லை என்றால் சாதாரண 5 வோல்ட் சார்ஜரிலோ கணினியின் யூஎஸ்பியிலோ, கண் பார்வையில், சில மணி நேரம் விடுங்கள். மிகவும் இறங்கிப்போன லித்தியம் செல் முதலில் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே வாங்கும். அரை மணியில் ஒன்றும் நடக்கவில்லை என்று பிடுங்கிவிடாதீர்கள். 9 வோல்ட் பேட்டரியை நேராகத் தொட்டு 'தட்டி எழுப்பும்' வீடியோக்களைப் பார்த்து யாரும் முயல வேண்டாம்.

உயிர் வந்ததும் ஃபேக்டரி ரீசெட்டுக்கும் கணக்கு நீக்கத்துக்கும் போகாமல், யூஎஸ்பியில் இணைத்து 'டாகுமென்ட்ஸ்' கோப்புறை முழுவதையும் கணினிக்கு நகலெடுங்கள். அடிக்கோடிட்ட வரிகளெல்லாம் அதற்குள் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக்கோப்பில் இருக்கும். 2007-ன் முதல் கிண்டிலுக்கு மினி-யூஎஸ்பி கேபிள் வேண்டும்; கிண்டில் 2-க்கும் 3-க்கும் மைக்ரோ-யூஎஸ்பி. கணினியில் டிரைவாகத் தெரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிள்கள் ஏராளம்.

இந்த நகல் ஏன் முக்கியம்? முதல் இரண்டு கிண்டில்களில் வைஃபை கிடையாது. செல்போன் வலை வழியாகத்தான் புத்தகம் இறங்கியது. முதல் கிண்டில் நம்பியிருந்த அமெரிக்க 3ஜி வலை மூடப்பட்டுவிட்டது. கணினியில் இறக்கி யூஎஸ்பியில் மாற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரி 26-ல் நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் கருவியிலிருந்து அழிந்தால் மறுபடி அதில் ஏற்ற நேர்வழி இல்லை. நகலெடுத்த கோப்புகளும் அந்தக் கருவிக்கென்றே பூட்டப்பட்டவை. இன்னொரு கிண்டிலில் திறக்காது.

சொந்தக் கோப்புகளை ஏற்றுவதில் தடையில்லை. ஆனால் இபப் வகை மின்னூலை அப்படியே போட்டால் பட்டியலிலேயே வராது. காலிபர் மென்பொருளில் அதை, கிண்டில் படிக்கும் மோபி வடிவமாக மாற்றுங்கள். வெளியீட்டு அமைப்பில் 'பழைய' மோபி வகையைத் தேர்ந்தெடுங்கள். புதிய வகை முதல் கிண்டில்களில் திறக்காது.

தமிழ் என்றால் இன்னொரு படி. கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் வந்ததே 2016 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய கிண்டில் 3-ல் தமிழ் மோபியைத் திறந்தால் எழுத்துகள் தெரியும், ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை மாற்றினால் சரியாகும் என்பது நப்பாசை. எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் மென்பொருளே அதில் இல்லை. பிடிஎஃப்பாக்குவதுதான் வழி, ஏனென்றால் அதில் எழுத்துகள் இடம் மாறாமல் முன்பே அடுக்கப்பட்டுவிடும். கிண்டில் 2-க்கு 2009 நவம்பரில் வந்த புதுப்பிப்பிலிருந்து பிடிஎஃப் திறக்கும். முதல் கிண்டிலில் திறக்காது.

ஏ4 பிடிஎஃப்பை அப்படியே போடுவதுதான் இங்கே பெரிய தவறு. ஆறு அங்குலத் திரையின் அகலம் சுமார் 91 மிமீ, ஏ4-ன் அகலம் 210. 12 புள்ளி எழுத்து ஏறக்குறைய 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். லிப்ரே ஆஃபீஸில் பக்க அளவை 9 × 12 செமீ என்றும், நான்கு ஓரமும் 3 மிமீ என்றும் வைத்து, 12 அல்லது 13 புள்ளி யூனிகோடு எழுத்துருவில் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். வரி இடைவெளியை 1.2-க்கு மேல் கூட்டினால் பக்கத்தில் நிற்கும் வரிகள் குறையும், பக்கம் திருப்பித் திருப்பி விரல் வலிக்கும். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் சில, யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி குறியாக்கத்தில் இருப்பவை. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துகளாகத்தான் வரும்.