கார் ஏசியில் நாற்றமா? பெர்ஃப்யூம் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

காலையில் ஏசியைப் போட்ட முதல் நிமிஷம் காயாத துணியை மடித்து வைத்த மாதிரி ஒரு வாடை வரும், கொஞ்ச நேரத்தில் தானாகவே குறைந்துவிடும். உங்கள் காரில் இப்படித்தான் என்றால் பெர்ஃப்யூம் டப்பாவில் காசைக் கரைக்காதீர்கள். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஏசி ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் அந்தக் காயிலில் தண்ணீராகப் படிந்து ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டும். வண்டியை நிறுத்திய பிறகும் காயில் இருட்டில் ஈரமாகவே கிடக்கும், அதில் தூசியும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல்தான்.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல், காஸ் அல்லது வயர் கருகும் வாடை என்றால் வண்டியை ஓரங்கட்டி, அணைத்துவிட்டு இறங்குங்கள், அது மெக்கானிக் வேலை. இனிப்பான வாடையோடு கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுப்பும் படிந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிவாக இருக்கலாம், அதையும் அவரிடமே காட்டுங்கள்.

முதலில் ஃபில்டர்

பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. பெரும்பாலான கார்களில் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் (சில பழைய வண்டிகளிலும் ஆரம்ப விலை மாடல்களிலும் ஃபில்டரே இருக்காது, மேனுவலைப் பாருங்கள்). பெட்டியைக் காலி செய்துவிட்டு இரண்டு பக்கச் சுவர்களையும் உள்ளே அழுத்தினால் அது கீழே தொங்கும். சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சின்னக் கயிறோ கம்பியோ பிடித்திருக்கும், அதை முதலில் கழற்ற வேண்டும். பின்னால் நீளமாக ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும், கிளிப்பை அழுத்தி எடுத்துவிட்டு ஃபில்டரை மெல்ல, சாய்க்காமல் இழுங்கள், இல்லாவிட்டால் மேலே கிடக்கும் குப்பையெல்லாம் காற்றை ஊதும் ப்ளோயருக்குள் கொட்டும். வெள்ளையாக இருக்க வேண்டிய மடிப்புகளில் கறுப்புத் தூசி, காய்ந்த வேப்பிலை, செத்த பூச்சி, சில சமயம் எலி கொண்டுவந்து அடைத்த பஞ்சுகூட இருக்கும். கழுவி மாட்டலாமா என்று கேட்காதீர்கள். சாதாரண ஃபில்டர் சில நூறு ரூபாய்தான், புதிதாகவே வாங்குங்கள். ஓரத்தில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், பழையது எப்படி இருந்ததோ அப்படியே மாட்ட வேண்டும். கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைப்பருக்குக் கீழே

வெளிக்காற்று உள்ளே வரும் வழி இங்கிருக்கும் சல்லடைதான். மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் அந்தச் சல்லடையில் இலையும் பூவும் மக்கிப்போய்க் கிடக்கும், கையால் அள்ளி எடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சினால் உள்ளேதான் போகும்.

தண்ணீர் சொட்டுகிறதா?

ஏசியை ஒரு 15 நிமிடம் ஓடவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். புழுக்கமான நாளிலும் சொட்டவில்லை, முன்சீட்டில் கால் வைக்கும் இடத்து மேட் வேறு நனைந்திருக்கிறது என்றால் குழாய் அடைத்திருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தவே குத்தாதீர்கள், காயிலில் ஓட்டை விழுந்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் வேண்டாம்.

அடுத்து நுரை

ஏசி காயிலுக்கென்றே நீளமான குழாயோடு நுரை ஸ்ப்ரே விற்கிறார்கள். வண்டிக்கு அடியில் தண்ணீர்க் குழாய் சரியாகச் சொட்டுகிறது என்று உறுதியான பிறகுதான் இதைத் தொட வேண்டும், இல்லையென்றால் கரைந்த அழுக்கெல்லாம் கால் மேட் மேல் வந்து நிற்கும். இன்ஜினையும் ஏசியையும் அணைத்து, கதவுகளைத் திறந்து வைத்து, டப்பாவில் சொல்லியிருக்கும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். பல கார்களில் ஃபில்டருக்கும் காயிலுக்கும் நடுவில் ப்ளோயர் மோட்டார் இருக்கிறது. அதனால் ஃபில்டர் ஓட்டையில் கண்டபடி அடித்தால் மோட்டார்தான் நனையும். தண்ணீர் வெளியேறும் குழாய் வழியாக மேல்நோக்கி அடிப்பது நல்லது, கை எட்டவில்லையா, மெக்கானிக்கிடம் விடுங்கள். ப்ளீச் மாதிரி எதையும் ஊற்றிவிடாதீர்கள், அலுமினியக் காயிலை அது அரித்துவிடும்.

நுரை கரைந்து வடிந்ததும் காயவைக்க வேண்டும். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, ஏசி இல்லாமல், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரை வேகமாக்கி ஒரு 10 நிமிடம் ஓடவிடுங்கள். உள்ளே உட்கார்ந்தால் வெந்துவிடும், நீங்கள் வெளியே நின்றுகொள்ளலாம்.

இனி தினமும் வீடு வந்துசேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, ப்ளோயரை ஓடவிட்டு, வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுங்கள். காயில் ஓரளவு காய்ந்துவிடும், பூஞ்சை சீக்கிரம் திரும்பாது.

இத்தனைக்குப் பிறகும் வாடை போகவில்லை என்றால் டாஷ்போர்டைக் கழற்றிக் காயிலை வெளியே எடுத்துத்தான் கழுவ வேண்டும். கூலி, ஏசி காஸ் நிரப்புவது எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், வேலை முடிந்து வண்டியைத் திரும்ப வாங்கும்போது மேடு பள்ளத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், கிளிப் சரியாக மாட்டாவிட்டால் டாஷ்போர்டு கடகடவென்று ஆடும்.