இரவுக் காவலுக்கு இரண்டு நாய்களை விடுபவர்களுக்கு

இலங்கையின் வன்னியில் காலபோக (மாரிகால) நெல் குடலைப் பருவத்துக்கு, அதாவது கதிர் வெளிவருமுன் தண்டு பருக்கும் கட்டத்துக்கு வந்தாலே, காட்டுப்பன்றி வயலில் இறங்காமல் காக்கும் காவலும் தொடங்கிவிடும். இரண்டு நாய்களை ஒன்றாக விடுபவர்கள் தயவுசெய்து இரண்டையும் ஒரே கயிற்றில் பிணைத்து விடாதீர்கள். ஓடும்போது மரத்துக்கு இருபக்கமும் பிரிந்தால் கழுத்து இறுகும். பன்றி திரும்பிப் பாய்ந்தால் ஒன்றாலும் விலக முடியாது. தனித்தனிக் கழுத்துப்பட்டி போடுங்கள். ரோச் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி என்றால் இன்னும் நல்லது.

சோடி சேர்ப்பதுதான் முக்கியம். தனியே நின்றால் குரைத்துவிட்டுத் திரும்பும் நாய்கூட, துணை இருந்தால் துணிந்து பன்றியின் வாயருகே போய்விடும். கூப்பிட்டதும் வரும் மூத்த நாயோடு இளையதை விடுங்கள். இரண்டும் இளசு என்றால் வேண்டாம்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை நடமாடும் இரவில் அவிழ்க்கவே கூடாது. யானை துரத்தினால் நாய் ஓடிவருவது உங்களிடம்தான். சுருக்குக் கம்பி, பன்றிக்கு இழுத்த மின்கம்பி, கட்டில்லாத கிணறு எல்லாம் எங்கே என்று பகலிலேயே பார்த்துவையுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காட்டுக்குள் நாய் ஓடினாலும் பின்னால் போகாதீர்கள். வெளியே நின்று கூப்பிடுங்கள்.

பன்றிப் பல் கிழித்து நாயின் குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான ஈரத்துணியால் சுற்றி, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.