பழைய வெஸ்பாவில் முதல் நாள்: இடது கையைப் பழக்குவது எப்படி?

ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டிப் பழகியவர்கள் பழைய வெஸ்பாவில் தடுமாறுவதற்குக் காரணம் ஒரே ஒரு லீவர்தான். இன்றைய ஸ்கூட்டரில் இடது கையில் இருப்பது பின் பிரேக். பழைய வெஸ்பாவில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். பதற்றத்தில் அதை அழுத்தினால் வண்டி நிற்காது, எஞ்சினின் பிடியும் விட்டுப்போய் ஜாலியாக உருளும்.

மாமாவின் பழைய ஸ்கூட்டரை முதன்முதலாக எடுத்த அன்று, தெருமுனையில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. இடது லீவரை உயிரைக் கொடுத்து அழுத்தினேன். ஆடு தப்பித்துவிட்டது. நான்தான் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் போய் உட்கார்ந்தேன். ஓடிவந்த மாமா முதலில் கேட்டது, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

கீழே சொல்வதெல்லாம் 1977-ல் வந்த வெஸ்பா பி.எக்ஸ். மாடல் வரிசையை வைத்து. கான்பூரில் தயாரான எல்.எம்.எல். வெஸ்பாவும் அதே வார்ப்புதான். வெஸ்பாவின் இத்தாலிய நிறுவனமான பியாஜியோவிடம் உரிமம் வாங்கி வெஸ்பா தயாரித்த பஜாஜ், பிறகு சொந்தப் பெயரில் விட்ட சேட்டக்குக்கும் பெரும்பாலும் இதே முறை பொருந்தும்.

1. ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றிப் பாருங்கள்

வலது பக்கக் கதவுக்குள் எஞ்சின். அதனால் வண்டி எப்போதும் வலது பக்கம் கொஞ்சம் கனக்கும். தள்ளிப் பார்த்தாலே தெரியும். பின் பிரேக் வலது காலுக்கடியில், முன் பிரேக் வலது கையில். கிளட்ச், கியர் இரண்டும் இடது கையில்.

முன்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும்தான் சக்கரத்தைத் தாங்கும் கை இருக்கும், மறுபக்கம் வெறுமை. வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர் செய்தவர். மோட்டார்சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. சங்கிலி மசகு வேட்டி சட்டையில் (அவர்கள் ஊரில் கோட்டு சூட்டில்) படக்கூடாது, கியர் போட கையை எடுக்கக்கூடாது, பஞ்சர் ஆனால் சக்கரத்தைச் சுலபமாகக் கழற்ற வேண்டும் என்று யோசித்தார். விமானத்தின் தரையிறங்கு சக்கரம் போல ஒற்றைக் கையில் முன்சக்கரத்தை மாட்டினார். சங்கிலியே இல்லாமல் எஞ்சினைப் பின்சக்கரத்தோடு நேராகச் சேர்த்தார். போரில் குண்டுவீச்சுக்கு ஆளான, இத்தாலியின் பொந்தேதேரா ஊர்த் தொழிற்சாலையிலிருந்து 1946-ல் வெளிவந்த முதல் வெஸ்பா வெறும் 98 சி.சி. இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி.

உங்களிடம் இருப்பது லாம்பிரெட்டா என்றால் உடம்பு வேறு: மிலானின் லாம்பிராத்தே பகுதியில் இன்னொசென்டி நிறுவனம் 1947-ல் கொண்டுவந்த வண்டி. வெஸ்பாவுக்குத் தகடே எலும்பு. இதற்கு உள்ளே குழாய்ச் சட்டம். எஞ்சின் நடுவில் இருப்பதால் ஒரு பக்கச் சாய்வும் கிடையாது. ஆனால் கியர் இதற்கும் இடது கையில்தான்.

2. பெட்ரோலில் ஆயில் கலப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கென்று தனியாக எஞ்சின் ஆயில் தேங்கி நிற்காது. பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போகிற ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றும். பி.எக்ஸுக்கு 2 சதவீதம்: ஒரு லிட்டருக்கு 20 மில்லி, ஐந்து லிட்டர் போட்டால் 100 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக்குக்கான) ஆயில். 1950-களின் வண்டிகள் இதைவிட அதிகம் கேட்கும். சில பி.எக்ஸில் தனி ஆயில் டேங்க் உண்டு. அந்த வண்டிகளில் பெட்ரோலோடு கலக்க வேண்டாம், டேங்கில் ஆயில் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் இதிலெல்லாம் சேராத தனிக் கணக்கு.

புகை வருகிறதே என்று ஆயிலைக் குறைத்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது அப்படி ஆனால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். உடனே கிளட்சை அழுத்துங்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியபடி கியரிலேயே இறங்குவதும் ஆபத்து: எஞ்சின் சுற்றும், ஆயில் போகாது. அவ்வப்போது கொஞ்சம் முறுக்கிக் கொடுங்கள்.

3. ஸ்டார்ட் செய்தல்

சீட்டுக்கடியில் பெட்ரோல் டேப்பைத் திறங்கள். இடது கைப்பிடியில் குறி 0-வில் இருக்கட்டும். குளிர்ந்த எஞ்சின் என்றால் சோக்கை இழுத்து உதையுங்கள். எஞ்சின் பிடித்து ஒரு நிமிடம் ஆனதும் சோக்கை உள்ளே தள்ளிவிடுங்கள்.

பிடிக்கவில்லையா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம் ஏறிவிட்டது. துடைத்து மாட்டி, டேப்பை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து உதைக்கலாம். முனையில் கரி படிந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். சேட்டக்கை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, பிறகு உதைத்த அப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். பிளக் சுத்தமாக இருந்தால் அந்த நமஸ்காரமெல்லாம் தேவைப்படாது என்பது என் கட்சி.

4. கியர்

முதலில் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டே பழகுங்கள். கிளட்சை முழுக்க அழுத்தி, லீவரோடு சேர்த்துக் கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பினால் ஒன்று. கீழ்நோக்கி வந்தால் நியூட்ரல், பிறகு இரண்டு, மூன்று, நான்கு. கியர் விழ மறுத்தால் முறுக்காதீர்கள். வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்தால் தானே உட்காரும்.

எல்லோரும் செய்யும் தவறு, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுவில் நியூட்ரலில் நின்றுவிடுவது. எஞ்சின் கத்தும், வண்டி போகாது, பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் மணிக்கட்டைத் தயங்காமல் திருப்புங்கள்.

நிறுத்தும்போது ஒவ்வொன்றாகக் கியரைக் குறைத்து வாருங்கள். அறுந்தால் மாற்ற ஒரு கிளட்ச் கேபிளும் ஒரு கியர் கேபிளும் முன்பெட்டியில் எப்போதும் கிடக்கட்டும்.

5. காலுக்குப் பாடம்

காலி மைதானத்தில் இருபது முறை: முதல் கியரில் கிளம்பி, யாரையாவது "நில்" என்று கத்தச் சொல்லுங்கள். வலது கால், வலது கை, கடைசியில் கிளட்ச். இடது கை முந்திக்கொண்டால் அந்த முறை கணக்கில் வராது.

6. புது வெஸ்பாவுக்கு மாறும்போது

2013-ல் வந்த புதிய பிரிமவேரா, பெரிய ஜி.டி.எஸ்., 2012 முதல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தயாராகும் 125 சி.சி. வண்டி, எல்லாமே ஃபோர்-ஸ்ட்ரோக், கியர் போடும் வேலையே இல்லாதவை. தகட்டு உடம்பும் ஒற்றைக் கை முன்சக்கரமும் அப்படியே இருக்கின்றன. கால் பிரேக் போய்விட்டது, ஆயில் கலப்பதும் போய்விட்டது.

இங்கே ஆபத்து தலைகீழ். பழைய வண்டிக்காரர் வேகம் குறைக்கும்போது கிளட்ச் என்று நினைத்து இடது லீவரை முழுக்க அழுத்துவார். அது பின் பிரேக். ஈரச் சாலையில் சர்ரென்று இழுக்கும்.

மாமா போன மாதம் என் புது வண்டியை வாங்கி ஒரு சுற்று போய்வந்தார். இடது கைப்பிடி ரப்பர் இப்போது தனியாகச் சுழல்கிறது. தான் ஒன்றும் செய்யவில்லை என்கிறார்.