புது டர்போ பத்தே நாளில் போவது ஏன்?

எங்கள் பழைய டீசல் பிக்அப்பில் முதல் டர்போ (எஞ்சின் புகையின் வேகத்தில் விசிறி சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான்) பல வருஷம் உழைத்தது. அதற்குப் பதிலாகப் போட்ட புதுசு பத்து நாள்கூடத் தாங்கவில்லை. "டூப்ளிகேட் சாமான் சார்" என்றார் மெக்கானிக். நானும் நம்பி இன்னொன்று வாங்கினேன். அதை மாட்டக் கொடுத்த வேறொரு மெக்கானிக், டர்போவைத் தொடாமல் ஆயில் வரும் பைப்பைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். காற்றே போகவில்லை. உள்ளே ஆயில் தீய்ந்து கரியாகி அடைத்திருந்தது.

டர்போவின் விசிறிகளை இணைக்கும் தண்டான ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது பேரிங்குக்கு நடுவே ஓடும் மெல்லிய ஆயில் படலம்தான். அதனால் டர்போ மாற்றும்போது பழைய ஆயில் பைப்பைக் கழுவி மறுபடி மாட்டாதீர்கள், புதிதாகவே போடுங்கள். டர்போ விலைக்கு முன்னால் அது ஒரு காசா? பைப் முனையிலுள்ள பாஞ்சோ போல்ட்டின் (ஆயில் உள்ளே ஓடும் ஓட்டை போல்ட்) ஓட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் உள்ளே குட்டி சல்லடை இருக்கும். கசியுமோ என்று பயந்து அந்த இடத்தில் சிலிக்கான் பேஸ்ட் தடவுவது இன்னொரு வம்பு. உள்பக்கம் பிதுங்கிய துணுக்கு பிய்ந்துபோய் ஆயில் துளையில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆயில் திரும்பும் பைப்பைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. அங்கே பிரஷர் கிடையாது, ஆயில் தானாக வழிந்து எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும். பைப் நசுங்கியிருந்தாலோ, எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழியான பிரீதர் அடைத்து எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறியிருந்தாலோ, இறங்க வழியில்லாத ஆயில் சீலைத் தாண்டிவிடும். நீலப் புகை வரும், உடனே "டர்போ சீல் போச்சு" என்று தீர்ப்பு. டர்போ சீல் ரப்பர் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு வளையம். அது லேசில் போகாது.

ஷாஃப்டை ஆட்டிப் பார்த்து "பிளே இருக்கு" என்று கழித்துக்கட்டுவதும் உண்டு. ஆயில் இல்லாதபோது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தால், விசிறி உறையில் உரசியிருந்தால் கவலைப்படுங்கள். கரும்புகையும் இழுவைக் குறைவும் மட்டும் என்றால் ஏர் ஃபில்டர், ஹோஸ், கிளாம்ப் பார்த்துவிட்டு அப்புறம் டர்போவுக்கு வாருங்கள்.

ரிப்பேர் கிட் போடுவது தப்பில்லை. ஆனால் பேலன்ஸிங் மெஷினில் ஏற்றாமல் மேசைமேலேயே மாட்டித் தருகிற இடம் வேண்டாம். அந்த வேகத்தில் இம்மியளவு எடை வித்தியாசமும் பேரிங்கைத் தின்றுவிடும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது, டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிர்வித்து எஞ்சினுக்கு அனுப்பும் இன்டர்கூலர்தான். செத்த டர்போ கக்கிய ஆயில் அதற்குள் தேங்கியிருக்கும், உடைந்த விசிறித் துண்டுகளும் கிடக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்யாமல் வண்டியை எடுத்தால் புது டர்போ அந்த ஆயிலை எஞ்சினுக்குள் தள்ளும். டீசல் எஞ்சினுக்கு அதுவும் எரிபொருள்தான். சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறிக்கொண்டே வேகமெடுக்கும். டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்து, கிளட்சிலிருந்து காலை எடுத்து எஞ்சினைத் திணறடித்தால் அடங்கும்.

சரி, எல்லாம் மாட்டியாயிற்று. உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஆயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்க வேண்டும். டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றி, விசிறியைக் கையால் சுற்றிவிடுங்கள். பிறகு டீசல் வராமல் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஆயில் லைட் அணையும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் ஐடிலில் ஓடட்டும், ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

எங்கள் பைப்பில் கரி எப்படி வந்தது என்பதும் அப்புறம்தான் புரிந்தது. சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்கு உரமூட்டை ஏற்றிக்கொண்டு, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்ததும் டீக்கடை வாசலில் சட்டென்று எஞ்சினை அணைப்பது என் பழக்கம். பழுக்கக் காய்ந்த டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்று, இருந்த ஆயில் அங்கேயே தீய்ந்திருக்கிறது. இப்போது எஞ்சினை ஐடிலில் விட்டுவிட்டு டீ சொல்லப் போகிறேன், டீ கைக்கு வந்ததும் அணைக்கிறேன்.