கொழுப்பை உறைய வைத்தால் தொடைக் குழி போகாது: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழுப்பைக் குளிரவைத்துக் குறைக்கும் ஃபேட் ஃப்ரீசிங் சிகிச்சையைக் கற்றுக்கொள்ள வரும் இளம் டாக்டர்களையும் தெரபிஸ்ட்டுகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த மெஷின்கள் புதிதாக வந்தபோது நாங்களெல்லாம் என்னென்ன தவறு செய்தோமோ, அதையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். தோலை உறிஞ்சிப் பிடித்துக் குளிரவைக்கும் கப்பின் சைஸை மாற்றி எடுப்பது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. நாலு நாள் வேலை பார்த்தால் அவை தானாகச் சரியாகிவிடும். கூடவே தங்கிவிடும் தவறுகள் வேறு.

செல்லுலைட்டுக்குக் கொழுப்பை உறைய வைப்பது

செல்லுலைட் என்பது தொடையிலும் பின்புறத்திலும் தோலில் தெரியும் குழிகள். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

முதலில் இந்தச் சிகிச்சை எதற்கு வந்தது என்று பார்ப்போம். தோல் தாங்கிக்கொள்ளும் குளிரைக் கொழுப்பு செல்கள் தாங்காது. குச்சி ஐஸை வாயில் அதக்கி வைத்திருந்த ஒரு குழந்தைக்குக் கன்னத்துக் கொழுப்பு அழன்றுபோனதை 1970-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கவனிப்புகளை வைத்துத்தான் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைனும் ராக்ஸ் ஆண்டர்சனும் இந்த முறையை உருவாக்கினார்கள். அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-ல் இடுப்பின் பக்கவாட்டுக்கும், 2012-ல் வயிற்றுக்கும், 2014-ல் தொடைக்கும் அனுமதி கொடுத்தது.

குழப்பம் தொடங்குவது இந்தக் கடைசி அனுமதியில்தான். "தொடைக்குத்தான் அனுமதி இருக்கே மேடம்" என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அது தொடையில் பிதுங்கி நிற்கும் கொழுப்புக்கு. தொடையிலும் பின்புறத்திலும் தெரியும் குழிகளுக்கு இல்லை.

தோலையும் அதன் அடியில் இருக்கும் தசை உறையையும் நார்ப்பட்டைகள் இணைக்கின்றன. பெண்களுக்கு இவை பெரும்பாலும் செங்குத்தாக இறங்குகின்றன. ஆண்களுக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். அதனால்தான் பருவமடைந்த பெண்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்குச் செல்லுலைட் இருக்கிறது, ஆண்களிடம் அபூர்வமாகவே பார்க்கிறோம். ஒல்லியான பெண்களுக்கும் இருக்கும். இலவம்பஞ்சு மெத்தையில் ஊசி போட்டு இழுத்துக் கட்டிய இடங்கள் குழிந்து, சுற்றிலும் பஞ்சு புடைத்து நிற்கும் அல்லவா? தோலுக்கடியில் நடப்பதும் அதுதான். பஞ்சைக் கொஞ்சம் உருவினால் மெத்தை தட்டையாகும், கட்டிய நூல் அப்படியே இருக்கும். மெஷின் குளிரவைப்பது கொழுப்பை. நார்ப்பட்டையை அது ஒன்றும் செய்வதில்லை.

வேறொரு ஊரில் இந்தச் சிகிச்சையை எடுத்துவிட்டு ஒருவர் என்னிடம் வந்தார். கல்லூரி ஆசிரியை. சீட்டு எடுத்த பணத்தை மொத்தமாகப் பேக்கேஜ் என்று கட்டியிருந்தார். இரண்டு தொடையின் பின்பக்கமும் செய்திருந்தார்கள். குழந்தை பிறந்த பிறகு உடம்பு இளைத்தவர், தோல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. உள்ளே கனம் குறைந்ததும் அந்தத் தோல் இன்னும் தொய்ந்து, குழிகள் முன்பைவிட எடுப்பாகத் தெரிந்தன. "டாக்டர், இன்ச் டேப்பைக் காட்டி, பாருங்க குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. நான் அளவைக் குறைக்கவா போனேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. அவர் எதற்காக வந்தார் என்பதையே யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

இந்தத் தவறு எங்கே நடக்கிறது என்றும் எனக்குத் தெரியும். போன மாதம்கூடப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் தொடைக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தாள். "நிக்க வச்சுப் பார்த்தியாம்மா?" என்றேன். "இல்ல மேடம், படுக்க வச்சுத்தான் பார்த்தேன்." படுத்தால் குழி மறைந்துவிடும். பார்க்க வேண்டியதே அப்போது கண்ணில் படாது.

நிற்க வையுங்கள். தொடையை இறுக்காமல், காலைத் தளர்வாக வைத்து நிற்கச் சொல்லுங்கள். அறையின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் சற்று மேலே பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வழுவழுப்பாகத் தெரிந்த தொடையில் ஒவ்வொரு குழியும் நிழலோடு எழுந்து வரும். அதைப் பேனாவால் வட்டமிடுங்கள். அப்புறம் கையால் பிடித்துப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே மெத்தென்று திரண்டு வருகிறதா? அது கொழுப்பு, அதற்கு மெஷின் உதவலாம். பிடிக்க ஒன்றும் வராமல், வட்டமிட்ட இடம் மட்டும் உள்ளே இழுபட்டு நிற்கிறதா? மெஷினைத் தொடாதீர்கள். இரண்டும் கலந்திருந்தால் எது குறையும், எது அப்படியே இருக்கும் என்று பணம் வாங்குவதற்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள். முன்னும் பின்னும் எடுக்கும் போட்டோவுக்கும் இதே நிலை, இதே விளக்கு.

செல்லுலைட்டுக்கு என்னதான் வழி என்று கேட்பார்கள். தோலுக்கடியில் நுண்ணிய கருவியால் அந்த நார்ப்பட்டையை அறுத்துவிடும் சப்சிஷன் இருக்கிறது. ஆழமான, தனித்தனியான குழிகளுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. பட்டையைக் கரைக்கும் ஊசி ஒன்றுக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரத்தக்கட்டும் நெடுநாள் நிற மாற்றமும் தொல்லையாகிப்போனதால் 2022 டிசம்பரில் தயாரிப்பாளரே அதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். நம் ஊர்த் தோலில் ரத்தக்கட்டு ஆறினாலும் கறை சீக்கிரம் போகாது. சப்சிஷனுக்கும் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். முழுதாகப் போய்விடும் என்று எந்தச் சிகிச்சைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கல்லுத் தொப்பைக்குக் கப் போடுவது

ஆண்கள் பலருக்கு வயிறு உருண்டையாகக் கெட்டியாக இருக்கும். பிடித்தால் பிடி கிடைக்காது. அந்தக் கொழுப்பு குடலைச் சுற்றி, வயிற்றுத் தசைக்குப் பின்னால் இருக்கிறது. கப் உறிஞ்சிப் பிடிப்பது தோலுக்கடியில் இருப்பதை மட்டும்தான். பிரசவத்துக்குப் பிறகு வயிறு முன்தள்ளியிருக்கும் பெண்களுக்கு வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கிறதா என்று பாருங்கள். தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா என்று இருமச் சொல்லிப் பாருங்கள். இருந்தால் அங்கே கப் வைக்கவே கூடாது.

எடை குறைக்க

இது எடை குறைக்கும் சிகிச்சை இல்லை. வேறு டாக்டரிடம் அனுப்புங்கள்.

ஜெல் பேடை மிச்சம் பிடிப்பது

குளிர் தோலைச் சுடாமலிருக்க கப்புக்கும் தோலுக்கும் நடுவே வைப்பது இந்த பேட். ஒரு இடத்துக்கு ஒரு பேட், முழுதாக மூடியபடி. விலகினால் தோல் குளிரில் வெந்துபோகும்.

ஒரே மாதத்தில் மறுபடி போடுவது

செத்த கொழுப்பு செல்களை உடம்பு மெல்ல மெல்லத்தான் அப்புறப்படுத்தும். இரண்டு மூன்று மாதம் ஆகும். நன்றாக நடந்தால் ஒரு முறைக்கு அந்த இடத்தின் கொழுப்புக் கனத்தில் சுமார் 20 முதல் 25 சதவீதம் குறையும். நாலு வாரத்தில் "ஒண்ணும் தெரியலையே" என்று வருபவரிடம் இன்னொரு செஷனை விற்பது அநியாயம்.

பெரிதாகும் இடத்தை வீக்கம் என்று அனுப்பிவிடுவது

முதல் சில வாரம் வீக்கமும் மரத்துப்போன உணர்வும் இருக்கும், போய்விடும். ஆனால் இரண்டு மூன்று மாதம் கழித்து, கப் வைத்த வடிவத்திலேயே, வலியில்லாமல் கெட்டியாகப் புடைத்து வந்தால் அது வீக்கம் இல்லை. கொழுப்பு குறைவதற்குப் பதிலாக வளர்ந்திருக்கிறது. இந்த விளைவு முதன்முதலில் 2014-ல் பதிவானது. மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா தனக்கு இது நேர்ந்ததை 2021 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் பலருக்கும் தெரியவந்தது. அரிதுதான். ஆனாலும் ஒப்புதல் படிவத்தில் பொடி எழுத்தில் இருந்தால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் இது கரையாது. அதே இடத்தில் மறுபடி உறைய வைக்காதீர்கள். போட்டோ எடுத்து, பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்புங்கள். பெரும்பாலும் சில மாதம் பொறுத்து, அந்த இடம் இளகிய பிறகு, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்வார்கள்.

குளிரைப் பற்றிக் கேட்காமல் தொடங்குவது

ஐஸ் தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்து நீலம் பாரிக்கிறதா, குளிரில் தடிப்புத் தடிப்பாக எழும்புகிறதா, குளிர்பட்ட பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனதுண்டா என்று கேளுங்கள். கிரையோகுளோபுலினீமியா, கோல்டு அக்ளுட்டினின் நோய் போன்ற, குளிர் பட்டால் ரத்தத்தில் சிக்கல் உண்டாகும் நோய்கள் இருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. ஒரு கேள்விக்கு ஆம் என்று வந்தாலும் ரத்தப் பரிசோதனை முடியும்வரை மெஷினை ஆன் செய்யாதீர்கள்.