புற்றுநோய்க் கலத்தில் நொதியங்கள்: விளக்கும்போது விடக்கூடாத தவறுகள்

கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். கண்காட்சிக் காலம் வந்தால் மாணவர்களும் புதிதாக வந்த ஆசிரியர்களும் புற்றுநோயைத்தான் தலைப்பாக எடுப்பார்கள். நொதியங்கள் பரம்பரையலகுகளை எப்படி ஆட்டிப்படைக்கின்றன என்பதில் இப்போது தனி மோகம். நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் தொடக்கத்தில் சொல்லித் திரிந்த அதே பிழைகள் அச்சுப் பிசகாமல் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழை, பெயர் குறிக்காத படம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தானாகத் திருந்தும்.

விகாரம் என்று சொல்லிவிடுவது

"நொதியம் டிஎன்ஏயை மாற்றிவிடுகிறது" என்று எழுதுமுன் கொஞ்சம் நில்லுங்கள். டிஎன்ஏயின் எழுத்து வரிசை மாறினால் அது விகாரம். இங்கே நாம் பேசுவது, எழுத்து மாறாமலேயே ஒரு பரம்பரையலகு அடங்குவதும் கிளம்புவதும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் தளும்பினாலும் துருசு திறக்காவிட்டால் வயலுக்கு வராது, அதுபோல.

ஒரு மனிதக் கலத்தில் ஏறக்குறைய 2 மீற்றர் நீள டிஎன்ஏ இருக்கிறது. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒவ்வொரு திரளையும் சுமார் 147 மூலச்சோடிகள் சுற்றிக் கிடக்கின்றன. ஒரு வகை நொதியம் ஹிஸ்டோனின் வாலில் அசற்றைல் என்ற சிறு இரசாயனக் கூட்டத்தை ஒட்டும், சுருள் இளகும், பரம்பரையலகு வாசிக்கப்படும். இன்னொரு வகை அதைக் கழற்றும், சுருள் இறுகும். மூன்றாவது வகை டிஎன்ஏயில் உள்ள சைற்றோசின் என்ற எழுத்திலேயே மெதைல் என்ற இன்னொரு சிறு கூட்டத்தை ஒட்டுகிறது. கலப்பிரிவுக்குக் கடிவாளம் போடும் பி16 என்ற பரம்பரையலகின் தொடக்கப் பகுதியில் அது நெருக்கமாக ஒட்டினால், பி16 அடங்கிவிடும். அதன் எழுத்தில் ஒன்றுகூடப் பழுதாகியிருக்காது.

அப்புறம் ஒரு சிக்கல். இந்த நொதியங்களை ஆக்கும் பரம்பரையலகுகளிலேயே விகாரம் வரலாம். குருதிப் புற்றுநோய்களில், மெதைலை அகற்ற வழிசெய்யும் டெட்2, மெதைலை ஒட்டும் டிஎன்எம்டி3ஏ என்ற இரண்டும் அடிக்கடி அப்படி அடிபடுகின்றன. ஆகவே விகாரத்தையும், எழுத்து மாறாமல் நடக்கும் இந்த அடக்கலையும் பிரித்துச் சொல்லுங்கள், ஆனால் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை என்று காட்டாதீர்கள்.

"மெதைல் கூடினால் புற்றுநோய்"

அரைவாசிதான் உண்மை. சில தொடக்கப் பகுதிகளில் கூடும். மொத்த டிஎன்ஏயில் பெரும்பாலும் குறையும். இந்தக் குறைவை அமெரிக்க ஆய்வாளர்களான பைன்பேர்க்கும் வோகல்ஸ்ரைனும் 1983இலேயே காட்டிவிட்டார்கள்.

நொதியத்துக்குக் கொம்பு வைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

ஒரு கண்காட்சியில் பிள்ளையொருத்தி ரெஜிபோம் உருண்டைக்குச் சிவப்பு அடித்து, ஈர்க்கால் இரண்டு கொம்பும் குத்தி, "கெட்ட நொதியம்" என்று எழுதி வைத்திருந்தாள். பக்கத்தில் பச்சை உருண்டை, "நல்ல நொதியம்". பார்க்க அழகு. விசுவமடுப் பக்கமிருந்து வந்த அம்மா ஒருவர் அதன் முன்னால் கனநேரம் நின்றார். கணவருக்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்து ஏறுகிறதாம்.

"பிள்ளை, அந்தச் சிவப்பைக் குறைக்க என்ன சாப்பாடு குடுக்கவேணும்?"

"மஞ்சளும் கிறீன் ரீயும் நல்லது அம்மா" என்றாள் இவள், எங்கேயோ வாசித்ததை வைத்து.

"அப்ப ஊசியை நிப்பாட்டலாமோ? இவர் போகமாட்டன் எண்டு நிக்கிறார்."

நான் இடையில் புகுந்தேன். பிள்ளை வாசித்தது முழுப் பொய்யும் அல்ல. மஞ்சளிலும் கிறீன் ரீயிலும் உள்ள பொருட்கள் ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்த்த கலங்களில் இந்த நொதியங்கள் சிலவற்றைத் தடுத்ததுண்டு. ஆனால் கிண்ணத்தில் ஊற்றும் செறிவு வேறு, குடித்த தேத்தண்ணீரிலிருந்து குருதிக்கு வந்து சேர்வது வேறு. மஞ்சளில் உள்ள குர்க்குமினைக் குடல் உறிஞ்சுவதே அற்பம். சிகிச்சையை நிறுத்தும் முடிவை இதில் தொங்கவிட்டால் போவது உயிர்.

பிழை அந்த வாயில் வந்த பதிலில் மட்டும் இல்லை, கொம்பிலேயே தொடங்கிவிட்டது. கெட்டது என்று ஒன்றைக் காட்டினால், அதைக் குறைக்க வழி கேட்பது மனித இயல்பு. உண்மையில் இந்த நொதியங்களுக்கு நிரந்தரக் கட்சி கிடையாது. ஈஇசட்எச்2 என்ற நொதியத்தை எடுங்கள். அது எச்3 என்ற ஹிஸ்டோனில் 27ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோவமிலத்தில் மெதைலை ஒட்டிப் பரம்பரையலகுகளை அடக்குகிறது. சில நிணநீர்ப் புற்றுநோய்களில் விகாரத்தால் அதன் வேலை மிஞ்சிப்போகிறது. எலும்பு மச்சையில் தொடங்கும் சில புற்றுநோய்களில் அதே ஈஇசட்எச்2 செயலிழந்து கிடக்கிறது. எந்த உருண்டையில் கொம்பு குத்துவது?

எம்ஜிஎம்டி இன்னும் நல்ல உதாரணம். டிஎன்ஏயில் வரும் ஒரு வகைச் சேதத்தைத் திருத்தும் புரதம் அது. சாதாரண கலத்துக்குக் காவல். ஆனால் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயில் அதன் தொடக்கப் பகுதி மெதைலேறி அடங்கியிருந்தால், டெமோசோலொமைட் மருந்துக்கு நோயாளி கூடுதலாகப் பயன் பெறுகிறார் என்று 2005இல் காட்டப்பட்டது. எம்ஜிஎம்டி திருத்தும் அதே வகைச் சேதத்தைத்தானே அந்த மருந்து உண்டாக்குகிறது; அது அடங்கிவிட்டால் புற்றுநோய்க் கலத்தால் திருத்த முடியாது.

மருந்துகளையும் சரியான இடத்தில் வையுங்கள். மெதைல் ஒட்டும் நொதியத்தைப் பொறிக்குள் மாட்டும் அசாசிற்றிடின் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, எலும்பு மச்சைக் கோளாறான மைலோடிஸ்பிளாஸ்ரிக் நோய்க்கு. அசற்றைலைக் கழற்றும் நொதியத்தைத் தடுக்கும் வொறினோஸ்ரற் 2006இல், தோலில் வரும் ஒரு நிணநீர்ப் புற்றுநோய்க்கு. எங்கள் பக்கத்தில் அதிகம் காணும் வாய்ப்புற்றுக்கு இவை வழமையான மருந்துகள் அல்ல. அதோடு நல்ல கலமும் இதே நொதியங்களை நம்பித்தான் இருக்கிறது. கலம் பிரியும்போதெல்லாம் பழைய மெதைல் அடையாளங்களைப் புதிய இழைக்குப் படியெடுப்பது டிஎன்எம்டி1 என்ற நொதியம்.

நொதியத் தூள்

வாங்காதீர்கள். நொதியம் புரதம், வயிற்றில் செரித்துப்போகும். புற்றுநோய்க் கலத்தின் கருவுக்குள் போய் வேலை செய்யாது. கணையம் பழுதானவர்களுக்கு வைத்தியர் தரும் செரிமான நொதியம் வேறு கதை.

வெற்றிலைத் தட்டை மறப்பது

மெதைலைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, வந்தவர் வாயில் இருக்கும் பாக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்புகிறோம். இலங்கை ஆண்களிடம் முன்னணியில் நிற்பது வாய்ப்புற்று. புகையிலை சேராத வெற்றிலைச் சப்பலும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது.

அளவை மட்டும் பார்ப்பது

"நொதியம் கூடினதா, குறைஞ்சதா?" என்று மட்டும் கேட்பவர்களுக்கு ஐடிஎச்1ஐக் காட்டுவேன். சில மூளைக் கட்டிகளிலும் குருதிப் புற்றுநோய்களிலும் இந்த நொதியத்தில் ஓர் அமினோவமிலம் மாறியிருக்கும். அப்போது அதன் வேலையே மாறிவிடுகிறது: வழக்கமாக ஆல்பா கீற்றோகுளுற்றாரேற்று என்ற பொருளை ஆக்குவது, இப்போது அதையே 2-ஹைட்ரொக்சிகுளுற்றாரேற்று என்ற வேறு பொருளாக மாற்றுகிறது. இது 2009இல் தெரியவந்தது. இந்த இரண்டாவது பொருள் குவியும்போது, மெதைலை அகற்ற வழிசெய்யும் டெட்2 முடங்குகிறது, மெதைல் தேங்குகிறது, கலம் முதிராமல் நின்றுவிடுகிறது. மாறிய நொதியத்தைத் தடுக்கும் ஐவோசிடெனிப் 2018இல் ஒரு வகைக் குருதிப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதையும் அந்த விகாரம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறார்கள்.